தட்டினால் பதில் தட்டுகிறேன் என்றேன்

பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று நினைப்பவர்கள் இதை நம்ப வேண்டாம். எனக்கு நடந்தது காலை பத்தரை மணிக்கு. நல்ல வெயில். அடுப்பில் பால். கையில் பாதி நறுக்கிய வெங்காயம். கற்பனை பண்ணிப் பயந்துகொள்கிற நேரமும் அது இல்லை, அப்படிப் பயப்படுகிற ஆளும் நான் இல்லை. பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பில் உட்கார்ந்து காலத்தை ஓட்டியவள். பக்கத்து அறையில் ஆம்பிளைகள் அலறுவதைக் கேட்டுக்கொண்டே சாவகாசமாகச் சாப்பிட்டவள்.

நடந்தது சத்தியம். ஒரு வார்த்தை கூட்டவில்லை. சொல்லப்போனால், இதுவரை கேட்டவர்களிடமெல்லாம் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறேன். இங்கே குறைக்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

தட்டினால் பதில் தட்டுகிறேன் என்று ஒரு மனிதருக்கு வாக்குக் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே கொடுத்த வாக்கு. விஷயம் அவ்வளவுதான்.

நானும் என் வீட்டுக்காரரும் ஒரு பாய்மரப் படகில் வசிக்கிறோம். பையன் வேலைக்குப் போனதும், "மீதி காலத்தைத் தண்ணியிலயே கழிச்சுடலாம்னு இருக்கேன்" என்றார். நான் வேறு மாதிரி புரிந்துகொண்டு ஒரு ராத்திரி முழுக்கச் சண்டை போட்டேன். படகைத்தான் சொல்கிறார் என்று தெரிந்தபோது, அந்தத் தண்ணியே பரவாயில்லை என்று தோன்றியது.

படகு வாழ்க்கை என்றால் போட்டோவில் வருகிற மாதிரி காலை நீட்டிக் காற்று வாங்குவது என்று நினைத்துவிடாதீர்கள். எழுந்ததும் தரைப் பலகையைத் தூக்கி, அடிக்குழியில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு பாட்டரி. பிறகு என்ஜின் ஆயில். பிறகு பாய் கிழிந்திருக்கிறதா, நங்கூரக் கயிறு எங்காவது உரசித் தேய்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்றைச் சரிபண்ணினால் இன்னொன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். இது நடந்த வாரம் கக்கூஸ் பம்ப் பழுது. நாலு நாளாக வாளி. என் மனநிலையை நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.

இவ்வளவிலும் பெரிய தொல்லை படகின் அடிவயிறு. பாசியும் பொடிச் சிப்பியும் அப்பிக்கொண்டே இருக்கும். சுரண்டாமல் விட்டால் எவ்வளவு காற்றடித்தாலும் படகு நகராது. என் வீட்டுக்காரர் முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, கையில் சுரண்டியோடு அடியில் இறங்குவார். மேலே நான் காவல்.

அதற்கு எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. அவர் அவ்வப்போது சுரண்டியின் பிடியால் படகின் அடியில் இரண்டு தட்டு தட்டுவார். டக். டக். நான் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். நான் கேபின் தரையில் ஸ்பேனரால் இரண்டு தட்டு தட்டுவேன். இங்கேதான் இருக்கிறேன், நீங்கள் வேலையைப் பாருங்கள் என்று அர்த்தம். பதில் வரவில்லையென்றால் கீழே இருப்பவர் வேலையை விட்டுவிட்டு மேலே வந்துவிட வேண்டும். விடாமல் தட்டினால் ஆபத்து. மேலே இருப்பவர் போட்டது போட்டபடி ஓட வேண்டும். அந்த ஸ்பேனரை வேறு வேலைக்குத் தொடக்கூடாது என்பது என் சட்டம். கேபின் படிக்கட்டுப் பக்கத்தில் ஒரு கொக்கியில் அது தொங்கும்.

நாங்கள் நங்கூரம் போட்டிருந்த வளைகுடாவில், கூப்பிடு தூரத்தைவிடக் கொஞ்சம் தள்ளி ஒரு பச்சைப் படகு நின்றது. அதில் ஒருவர் தனியாக இருந்தார். நாங்கள் அவரைப் பச்சைக்காரர் என்போம். எங்கள் படகு வெள்ளை. அதனால் அவர் எங்களை "வெள்ளைக்காரங்க" என்பார். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். மனைவி தவறிவிட்டார். ஒரே மகள், தூரத்தில் எங்கோ.

இது நடப்பதற்கு ஒரு மாதம் முன்னால், எங்கள் சுக்கானைக் கழற்றிக் கரை மணலில் போட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தோம். கூப்பிடாமலே உதவிக்கு வந்தார். இடதுகைக்காரர். என் வீட்டுக்காரர் மேலிருந்து கீழாக நீளமாக இழுப்பார். பச்சைக்காரர் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி, பிறை பிறையாகச் சுரண்டுவார். அவர் சுரண்டிய இடம் தனியாகத் தெரியும்.

"நீங்க ரெண்டு பேரும் தந்தி அடிச்சுக்கறீங்களேம்மா, அது என்னது?" என்று கேட்டார்.

எங்கள் ஏற்பாட்டைச் சொன்னேன்.

"நல்லாருக்கே. எனக்கு மீனுதான் பதில் தட்டணும்."

"நீங்க தட்டுங்கண்ணே, நான் தட்டுறேன். தண்ணிக்குள்ள சத்தம் எவ்ளோ தூரம் வேணா வரும்னு இவர் சொல்வாரே."

"வெளையாட்டுக்குச் சொல்லலையே?"

"அட, வாக்குன்னா வாக்கு. நான் எங்க போயிடப்போறேன்?"

அவர் சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். இவர் என்ன இதைப் போய் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறார் என்று நினைத்தேன்.

இனி அந்த வியாழக்கிழமை. பம்புக்கு ரப்பர் வாங்க வீட்டுக்காரர் ரப்பர் படகை எடுத்துக்கொண்டு கரைக்குப் போயிருந்தார். மதியம். கேபினுக்குள் புழுக்கம். கொஞ்சம் கண்ணயரலாம் என்று படுத்தால், எங்கோ ஒரு மோட்டார் டபடபவென்று ஓடிக்கொண்டிருந்தது. நங்கூரம் போட்ட படகுகளில் யாராவது பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டேதான் இருப்பார்கள். அது போதாதென்று எங்கள் தரைக்கு அடியில் எதுவோ தட்டிக்கொண்டிருந்தது. படகில் எதுதான் தட்டாது? காஸ் சிலிண்டராக இருக்கும் என்று ஒரு பழைய துண்டை மடித்து அதற்கும் சுவருக்கும் நடுவில் திணித்தேன். நிற்கவில்லை. தலையணையை எடுத்துக் காதின்மேல் வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் மோட்டார் இருமி நின்றது. அப்பாடா என்றிருந்தது. பின்னாலேயே அந்தத் தட்டலும் ஓய்ந்தது. அன்றைக்கு நான் தூங்கிய தூக்கம் மாதிரி தூங்கி நாளாகியிருந்தது.

சாயங்காலம் ஆறு மணி இருக்கும். வெயில் இறங்கிவிட்டது. வீட்டுக்காரர் இன்னும் வரவில்லை.

"அம்மா..."

பின்பக்க ஏணியிலிருந்து குரல். எட்டிப் பார்த்தேன். பச்சைக்காரர். மார்பளவு தண்ணீரில் நின்ற மாதிரி, இடது கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். தண்ணீருக்குள் போடும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார். நீந்தி வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"என்னண்ணே இந்நேரத்துல? மேல வாங்க. டீ போடுறேன்."

"வேணாம்மா."

"குளிரலையா?"

ஏணியைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தேன். நாளெல்லாம் துணி துவைத்த கை மாதிரி வெளுத்துச் சுருங்கியிருந்தன. காற்று சில்லென்று அடித்தது. எனக்கே உடம்பு நடுங்கியது. அவர் நடுங்கவில்லை.

"நாளைக்குக் காலையில தட்டுவேம்மா."

"தட்டுங்க."

"பதில் தட்டுவியா?"

"அதான் அன்னைக்கே சொன்னேனே."

"ஆமா. சொன்னே."

அடுப்பைத் தணித்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனேன். அரை நிமிஷம்கூட இருக்காது. வந்து பார்த்தால் ஆள் இல்லை. நீந்திப் போகிற சத்தமும் கேட்கவில்லை. ஏணியைத் தொட்டேன். அவர் பிடித்திருந்த கம்பி காய்ந்து கிடந்தது. காற்றில் காய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதன்பின் வீட்டுக்காரர் வந்தார், வாங்கிவந்த ரப்பர் அளவு தப்பு என்று தெரிந்தது, எனக்கும் அவருக்கும் வாய்த்தகராறு. பச்சைக்காரர் வந்துபோனதைச் சொல்லவே மறந்துவிட்டேன்.

மறுநாள் வெள்ளி. கக்கூஸ் பம்ப் அப்படியே கிடக்க, "அடியைச் சுரண்டிட்டு வந்துடறேன்" என்று என் வீட்டுக்காரர் சிலிண்டரைக் கட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போங்கள் என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

டக். டக்.

தரையில் இரண்டு தட்டினேன். பாலை அடுப்பில் வைத்தேன்.

டக். டக்.

தட்டினேன். வெங்காயம் உரித்தேன்.

இப்படியே போய்க்கொண்டிருந்தது. கோபத்தில் கொஞ்சம் ஓங்கியே தட்டினேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தரை. இந்நேரம் சிலிண்டரில் காற்று தீர்ந்திருக்க வேண்டுமே என்று தோன்றியது.

டக். டக்.

குனிந்து தட்டினேன்.

"யாருக்குத் தட்டுற?"

முதுகுக்குப் பின்னால் என் வீட்டுக்காரர். தோளில் துண்டு. கையில் பிஸ்கட். தலைமுடி பாதி காய்ந்துவிட்டது.

"நீங்க... எப்ப வந்தீங்க?"

"கால் மணி நேரமாச்சு. வலது பக்கம் முடிஞ்சுது. மேல உக்காந்திருக்கேன்."

டக். டக்.

இரண்டு பேரும் தரையைப் பார்த்தோம்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. "அட, பச்சைக்காரருங்க! நேத்து வந்து சொல்லிட்டுப் போனார், காலையில தட்டுவேன்னு. நான் ஒரு மறதிப் பிண்டம்." விஷயத்தைச் சொன்னேன். வீட்டுக்காரருக்கும் உயிர் வந்தது. "என்னைவிட அவருக்குத்தான் ஒழுங்கா பதில் தட்டுற" என்றார். சிரித்தோம். நான் சந்தோஷமாக இரண்டு தட்டு தட்டினேன். மறந்துபோயிருந்தும் வாக்கு தவறவில்லையே என்று ஒரு பெருமை வேறு.

வீட்டுக்காரர் பைனாகுலரை எடுத்துக்கொண்டு மேலே போனார். சீக்கிரமே இறங்கி வந்தார்.

"அவர்கிட்ட சிலிண்டர் கெடையாதே."

"அப்புறம் எப்படி மூச்சு விடுவார்?"

"மேல பெட்ரோல் கம்ப்ரசர் ஓடும். அதுலேர்ந்து ஹோஸ் வழியா காத்து போகும். இப்ப மோட்டார் சத்தமே இல்ல."

காதைத் தீட்டிக் கேட்டோம். மோட்டார் சத்தம் இல்லை.

கர்ர்ர்... கர்ர்ர்...

சுரண்டுகிற சத்தம். தூரத்தில் இல்லை. எங்கள் காலுக்கு நேர் கீழே.

முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாக நகர்ந்தது. மெதுவாக. இடது சுவரை ஒட்டியே.

மேலே ஓடினோம். தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. அடி மணல் தெரிந்தது. நங்கூரச் சங்கிலி தெரிந்தது. படகின் நிழல் தெரிந்தது. ஆள் இல்லை. ஆனால் இடது பக்கத்திலிருந்து மட்டும், பச்சைப் பச்சையாகப் பாசித் துணுக்குகள் மிதந்து போய்க்கொண்டிருந்தன. அப்போதுதான் பெயர்ந்த மாதிரி.

"நான் இடது பக்கம் தொடவே இல்ல" என்றார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏணியில் இறங்கினார். தலையை மட்டும் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தார். வெளியே எடுத்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"பாதிக்கு மேல சுத்தமாயிருக்கு."

"யாரு..."

"பிறை பிறையா இருக்கு."

டக். டக்.

இந்த முறை நான் பதில் தட்டவில்லை. நான் பதில் தட்டினால் வேலையைப் பார் என்று அர்த்தம். அதுவரை அப்படித்தானே அர்த்தம் கொடுத்துக்கொண்டிருந்தேன். இங்கேதான் இருக்கிறேன், நீ பார், நீ பார் என்று.

டக். டக்.

கை வரவில்லை.

டக். டக்.

"தட்டாதே" என்றார் வீட்டுக்காரர். மெல்லிய குரலில்.

அமைதி.

பிறகு...

டக் டக் டக் டக் டக் டக் டக்...

விடாமல். வேகமாக. படகு முழுவதும் அதிர்ந்தது. உள்ளங்கால் வழியாக ஏறியது.

உள்ளே பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைகிற சத்தம்.

டக் டக் டக்... டக்... டக்...

நின்றுவிட்டது.

அந்தக் கடைசித் தட்டல் ஓய்ந்த விதம் எனக்குத் தெரிந்ததாக இருந்தது. எங்கே கேட்டேன் என்று அப்போது யோசிக்கவில்லை. யோசிக்க மனசு விடவில்லை என்றும் சொல்லலாம்.

ரப்பர் படகில் பச்சைப் படகுக்குப் போனோம். அவருடைய சின்ன மரத்தோணி பின்னால் கட்டியபடியே மிதந்தது. அப்படியென்றால் அவர் கரைக்குப் போகவில்லை. டெக்கில் கம்ப்ரசர். வீட்டுக்காரர் அதைத் தொட்டுப் பார்த்தார். சூடு இல்லை. அதிலிருந்து மஞ்சள் ஹோஸ் பின்பக்க விளிம்பைத் தாண்டித் தண்ணீருக்குள் இறங்கியது. அவர் லேசாக இழுத்தார். வரவில்லை. பக்கத்தில் ஒரு டீ கிளாஸ். பாதி டீ. ஆடை கட்டியிருந்தது.

"நீ இங்கயே இரு" என்று சொல்லி இறங்கினார்.

நான் எதற்கு அந்த ஸ்பேனரைக் கையோடு கொண்டுவந்தேன் என்று தெரியவில்லை. முட்டிபோட்டு உட்கார்ந்து, அவர் தட்டுவார், தட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் தட்டவில்லை. உடனே மேலே வந்துவிட்டார். விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, "நீ பாக்க வேணாம்" என்றார்.

துறைமுகப் போலீஸ் அதிகாரி எங்கள் படகுக்கே வந்து விவரம் சொன்னார். யாரோ தூக்கிப்போட்ட கிழிந்த மீன்வலை பச்சைப் படகின் ப்ரொப்பல்லரில் சுற்றியிருக்கிறது. அதை அறுக்க இறங்கியிருக்கிறார். வலை காலைச் சுற்றிக்கொண்டது. கத்தி நழுவி மணலில் விழுந்துவிட்டது. ஆனால் வாயில் ஹோஸ் இருந்தது. மேலே மோட்டார் ஓடிய வரைக்கும் மூச்சு இருந்தது. பெட்ரோல் தீர்ந்து மோட்டார் நின்றதும்...

"எப்ப சார்?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"நேத்து மத்தியானம்னு டாக்டர் சொல்றார்."

"இல்ல சார்" என்றேன். "நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு இங்க வந்தார். அந்த ஏணியைப் பிடிச்சுக்கிட்டு எங்கிட்ட பேசினார்."

அதிகாரி என்னைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "அம்மாவுக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார்.

எழுந்து போகும்போது தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "பாவம், சுரண்டிப் பிடியால ரொம்ப நேரம் தட்டியிருக்கார் சார். படகுக்கு அடியில ஒரு கையகலத்துக்குப் பெயின்ட் பேந்து உள்ளே ஃபைபர் நார் தெரியுது. யாருக்குக் கேக்கும்னு தட்டினாரோ."

யாருக்குக் கேட்கும் என்று தட்டினார் என்பது எனக்குத் தெரியும்.

குறைக்காமல் சொல்கிறேன் என்றேன். மேலே ஓரிடத்தில் குறைத்துவிட்டேன். வியாழக்கிழமை மதியம் எதுவோ தட்டிக்கொண்டிருந்தது என்று எழுதியிருக்கிறேன் இல்லையா? எதுவோ இல்லை. இரண்டு இரண்டாகத் தட்டியது. டக் டக். கொஞ்சம் விட்டு, டக் டக். காஸ் சிலிண்டர் அப்படித் தட்டாது. துண்டைத் திணிக்கும்போதே எனக்குத் தெரியும். பச்சைக்காரராக இருக்குமோ என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. எழுந்து ஸ்பேனரை எடுக்கச் சோம்பல். அவ்வளவுதான் காரணம். பதில் வரவில்லையென்றால் மேலே வந்துவிடுவார், அதுதானே ஏற்பாடு என்று திரும்பிப் படுத்தேன். பிறகு விடாமல் தட்டியபோது தலையணையைக் காதில் வைத்தேன். மேலே வர முடியாத ஒருவர் தட்டுகிறார் என்று யோசிக்கவே இல்லை. மோட்டார் நின்றபோது அப்பாடா என்று சொன்னவள் நான். அந்த மனிதரின் மூச்சு நின்றதற்கு அப்பாடா என்று சொல்லியிருக்கிறேன்.

இதை வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. ஆனால் காஸ் சிலிண்டர் மாற்றும்போது அந்தத் துண்டை அவர் எடுத்தார். கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் மடித்து அலமாரியில் வைத்தார். கேட்டிருக்கலாம்.

பச்சைக்காரரின் மகள் வந்தாள். என் பையன் வயதுதான் இருக்கும். அப்பாவின் சாமான்களை எடுக்க வந்தவள் எங்கள் படகில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். டீ கொடுத்தேன். இடது கையால் வாங்கினாள்.

"அப்பா ஃபோன்ல உங்களைப் பத்தி சொல்வார் ஆன்ட்டி. இனிமே நான் தனியா இறங்கறதில்ல, பக்கத்துப் படகுல ஒரு தங்கச்சி காவல் இருக்குன்னு."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மேஜையில் இல்லாத அழுக்கைத் துடைத்தேன்.

"அன்னைக்கு மத்தியானம்... உங்களுக்கு ஏதாவது சத்தம் கேட்டுதா?"

அவள் குற்றம் சொல்லக் கேட்கவில்லை. அப்பா கடைசியில் தனியாக இல்லை என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்றுதான் கேட்டாள். அதுகூட எனக்குப் புரிந்தது. புரிந்தும் சொன்னேன்.

"இல்லம்மா. எனக்கு ஒண்ணுமே கேக்கல."

டக். டக்.

என் காலுக்குக் கீழே. மிக மெதுவாக.

அவளுக்குக் கேட்கவில்லை. டீயைக் குடித்துக்கொண்டிருந்தாள். ஸ்பேனர் கையெட்டும் தூரத்தில் தொங்கியது. நான் எடுக்கவில்லை.

நான் கேட்ட கடைசித் தட்டல் அதுதான்.

கடைசி என்றால் நிஜமாகவே கடைசி. அடுத்த முறை வீட்டுக்காரர் அடியில் இறங்கியபோது நான் ஸ்பேனரோடு தயாராக இருந்தேன். ஒரு சத்தமும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் மேலே வந்து கத்தினார். "தட்டித் தட்டிப் பாத்தேன், தூங்கிட்டியா?" பாத்திரம் கழுவினேன், கேட்கவில்லை என்று சமாளித்தேன். கரைக்குப் போனபோது காது டாக்டரிடம் காட்டினேன். பென்சிலால் மேஜையைத் தட்டினார், கேட்டது. மெஷினில் வைத்துப் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது. உங்கள் காதுக்கு ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார். படகுக்குத் திரும்பினேன். மழை கேட்கிறது. பாய் படபடப்பது கேட்கிறது. அடியிலிருந்து தட்டினால் மட்டும் கேட்பதில்லை.

நாங்கள் அந்த வளைகுடாவை விட்டு வெகுதூரம் வந்துவிட்டோம். போன வாரம் மறுபடி அடியைச் சுரண்ட வேண்டியிருந்தது. இறங்காதீங்க, எனக்குக் கேட்காது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் அந்த மதியத்தையும் சொல்ல வேண்டும். அவர் இறங்கிவிட்டார்.

நான் கேபின் தரையில் மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் பலகையில் பதித்துக்கொண்டேன். காதுக்குக் கேட்காவிட்டால் கைக்காவது தெரியாதா என்று.

ஒன்றும் இல்லை.

பத்து நிமிஷம்.

ஒன்றும் இல்லை.

அரை மணி நேரம். வேர்த்து ஊற்றியது. பதில் வராவிட்டால் மேலே வந்திருக்க வேண்டும். வரவில்லை. காலில் வலை சுற்றியிருக்குமோ... கத்தி நழுவியிருக்குமோ... அழுதுகொண்டே மேலே ஓடினேன்.

ஏணியில் அவர் கை தெரிந்தது. பிறகு தலை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"இன்னைக்குதான் ஒழுங்கா காவல் இருந்தே. ஒண்ணு விடாம பதில் தட்டினியே."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"ஆனா ஒண்ணு. எங்க உக்காந்து தட்டின? உள்ளேர்ந்து தட்டின மாதிரியே இல்ல. எனக்குப் பக்கத்துல, காதுகிட்டயே கேட்டுது."

"அடுப்படியிலதான்" என்றேன்.

ஸ்பேனரை நான் கொக்கியிலிருந்து எடுக்கவே இல்லை. இதையும் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.